வாட்டர்லூவில் தொலைந்த குழல்

எங்கள் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நான் ரெக்கோடர் பழக்குகிறேன். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே பிரிந்து போகும் கிரவல் பாதையில் இருக்கிற சிறிய பாடசாலை அது. வகுப்பில் 22 பிள்ளைகள். ஊதக்கூடிய நிலையில் 17 குழல்கள். மிச்சப் பிள்ளைகள் முறை வைத்து ஊதுவார்கள். ஒருவர் ஊதிக் கொடுத்ததைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித்தான் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதால், பாடவேளையில் கால்வாசி நேரம் தண்ணீர்க் குழாயடியில் கழிந்துவிடும்.

முதல் தவணையில் மூன்று சுரங்கள் மட்டும்தான். விரல்கள் சரியாகவே விழும், சத்தமும் வரும். ஆனால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் எதுவுமே இருக்காது. மூச்சைப் பிடித்து ஒரே இழுவையாக ஊதுவார்கள். விரல் மாறும்போது சுரம் வழுக்கிக்கொண்டு அடுத்ததில் போய் விழும். மெய்யெழுத்தே இல்லாமல் ஒருவர் பேசினால் எப்படி இருக்கும்? ஆ என்றும் ஊ என்றும் உயிரெழுத்துகள் மட்டும்தான் காதில் விழும். எங்கள் வகுப்பில் முதல் தவணை முழுவதும் அப்படித்தான் கேட்கும்.

குழலில் மூச்சு உயிர் என்றால், நாக்குத்தான் மெய். இரண்டும் சேர்ந்தால்தான் அது பேசும். இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஆர்னல்ட் டோல்மெட்ஷ் என்ற மனிதரின் கதை எனக்குத் தெரியவந்தது. இன்று உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பையில் கிடக்கிற இந்தக் குழல், கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு காலம் அநேகமாக யாராலும் வாசிக்கப்படாமல் கிடந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர்.

அவரைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு பை பற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டறையில் வளர்ந்த பிள்ளை

டோல்மெட்ஷ் 1858ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி பிரான்சின் லெ மான் நகரில் பிறந்தார். பூர்வீகம் பொஹீமியா. அவருடைய வீட்டாருக்குப் பியானோதான் தொழில். இசை கற்பதற்கு முன்பே இசைக்கருவியைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்ட பிள்ளை அவர். பியானோவின் உள்ளே தந்தி எப்படி இழுபடுகிறது, மரம் எப்படி அதிர்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாக வந்தவை. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தப் பட்டறைதான்.

வயலின் படிக்க பிரசெல்ஸ் இசைக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர், அந்தக் காலத்துப் பெரும் வயலின் கலைஞரான ஆன்றி வியூதொம். 1883இல் லண்டனுக்குப் போய், அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட றோயல் இசைக் கல்லூரியில் படித்தார். பிறகு தெற்கு லண்டனில் உள்ள டல்விச் கல்லூரியில் பையன்களுக்கு வயலின் பழக்கும் பகுதிநேர வேலை கிடைத்தது. அந்த வழியிலேயே போயிருந்தால் அவர் நல்ல வயலின் வாத்தியாராக ஓய்வு பெற்றிருப்பார். இன்று யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

திருப்பம் நூலகத்தில் வந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நூலகத்தில் பழைய இசைக் கைப்பிரதிகளைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, 16ஆம் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர்கள் எழுதிய கட்டுக்கட்டான இசை கிடைத்தது. அவை எழுதப்பட்ட வியல் என்ற தந்திக் கருவியோ வழக்கொழிந்து போயிருந்தது. பழைய வியல்களைத் தேடி வாங்கினார். உடைந்தவற்றைத் தன் கையால் பழுதுபார்த்தார். வாசிக்க ஆள் இல்லாததால் தன் வீட்டாருக்கும் மாணவர்களுக்கும் தானே பழக்கினார். 1890களில் அவருடைய வீட்டுக் கச்சேரிகளுக்கு லண்டனின் எழுத்தாளர்களும் ஓவியர்களும் வரத் தொடங்கினார்கள். அப்போது இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த பேர்னாட் ஷோ அவரை உற்சாகமாக ஆதரித்தார். கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மொறிஸின் தூண்டுதலில் அவர் செய்த ஹாப்சிகோட் 1896இல் லண்டன் கைவினைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் மொறிஸ் மரணப்படுக்கையில் கிடந்தபோது, டோல்மெட்ஷ் ஒரு சிறிய பழைய விசைக் கருவியைக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினார்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. கோபக்காரர். பணத்தைக் கையாளத் தெரியாதவர், கடனில் மூழ்கி எழும்பியவர். மூன்று முறை மணம் செய்தவர். வேலை தேடி நாடு நாடாகப் போனவர். 1905 முதல் 1911 வரை அமெரிக்காவின் பொஸ்டனில் ஒரு பியானோ நிறுவனத்தில் பழைய கருவிகளைச் செய்தார். பிறகு 1914 வரை பாரிஸில் இன்னொரு நிறுவனத்தில் அதே வேலை. முதல் உலகப்போர் வந்த ஆண்டில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1917இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, லண்டனை விட்டு சறே மாவட்டத்தின் ஹேசில்மியர் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு 59 வயது. மூன்றாவது மனைவி மேபல், நான்கு பிள்ளைகள், வீடு நிறையக் கருவிகள்.

ஒரு பை

அந்தக் கருவிகளில் ஒன்று ஒரு பழைய ரெக்கோடர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வாழ்ந்த பீற்றர் பிறெசான் என்ற கைவினைஞர் செய்தது. பிறெசானும் டோல்மெட்ஷைப் போலவே பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்தவர். அவர் செய்த குழல்களில் மிச்சமிருப்பவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. டோல்மெட்ஷ் அந்தக் குழலை விலைக்கு வாங்கி, பழைய விரல் அட்டவணைகளைப் பார்த்துத் தானே வாசிக்கப் பழகி, கச்சேரிகளிலும் வாசித்து வந்தார்.

1919 ஏப்ரலில் குடும்பமாக லண்டனில் ஒரு கச்சேரி செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஹேசில்மியருக்குப் போகும் புகையிரதம் வாட்டர்லூ நிலையத்திலிருந்து புறப்படும். ஏகப்பட்ட கருவிகள், ஏகப்பட்ட பெட்டிகள். ஆளுக்கொரு பொதியாகச் சுமந்துகொண்டு போனார்கள். கடைசி மகன் கார்லுக்கு வயது ஏழு. அவனுடைய பொறுப்பில் ஒரு சிறிய பை இருந்தது. மேடையில் நின்றபோது அதைக் கீழே வைத்தான். புகையிரதம் வந்தது, எல்லோரும் ஏறினார்கள். பை மேடையிலேயே நின்றுவிட்டது. பிறெசானின் குழல் அந்தப் பைக்குள் இருந்தது.

இதை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. அந்த இரவு நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த சனத்துக்குள் இருந்தவர்களுக்கு நான் எதையும் விவரிக்கத் தேவையில்லை. என் கையிலும் ஒரு பை தரப்பட்டிருந்தது. அதில் இரண்டு போர்வை, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் புல்லாங்குழல். அப்பா கச்சேரிக்காரர் அல்ல, கோயில் பஜனையில் வாசிப்பவர். கை நொந்தபோது பையைக் கீழே வைத்தேன். பின்னாலிருந்து சனம் தள்ளியது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. திரும்பிப் போக வழியில்லை.

அப்பா என்னை ஏசவில்லை. சான்றிதழ்களுக்காக மட்டும் பிறகு பல வருடம் அலைந்தார். குழலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இன்னொன்று வாங்கவும் இல்லை.

இன்னொன்று செய்தவர்

டோல்மெட்ஷ் இன்னொன்று செய்தார். இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

ஒரு குழலைப் பார்த்துச் செய்வது எளிதான காரியம்போலத் தோன்றும். ஒரு மரக்குழாய், எட்டு ஓட்டை. ஆனால் ரெக்கோடரின் உள்துளை மேலிருந்து கீழே ஒரே அகலமாக இருக்காது. அது படிப்படியாக ஒடுங்கும், அந்த ஒடுக்கத்தில்தான் சுருதி இருக்கிறது. வாயில் வைக்கும் தலைப்பகுதிக்குள் ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும். அதற்கும் மேற்சுவருக்கும் இடையில் மெல்லிய இடுக்கு ஒன்று. ஊதும் காற்று அந்த இடுக்கு வழியாகத் தகடுபோல வெளியேறி, எதிரே இருக்கும் கூரான விளிம்பில் மோதும்போதுதான் ஒலி பிறக்கிறது. இடுக்கின் உயரமோ விளிம்பின் சரிவோ மயிரிழை மாறினால் குழல் சீறும், அல்லது ஊமையாகும். முன்னால் வைத்துப் பார்க்க மூலக்குழல் இல்லை. எடுத்து வைத்திருந்த அளவுகளும் அதை வாசித்த காலத்தில் காதில் பதிந்த ஒலியும் மட்டும்தான் கையிலிருந்தன. செய்தார், பிழைத்தது. திரும்பச் செய்தார். அறுபது வயதைத் தாண்டியவர், முன்பு ஒருபோதும் செய்திராத ஒரு வேலையை முதலிலிருந்து பழகினார்.

கடைசியில் குழல் பேசியது. அதோடு அவர் நிற்கவில்லை. சிறியதிலிருந்து பெரியதுவரை முழுக் குடும்பத்தையும் செய்தார். 1925இல் ஹேசில்மியரில் ஆண்டுதோறும் நடக்கும் இசைவிழா ஒன்றைத் தொடங்கினார். 1926ஆம் ஆண்டு விழாவில் நான்கு அளவுக் குழல்களும் சேர்ந்து ஒலித்தன. அந்தக் குழுவின் ஒலியை உயிரோடிருந்த எவரும் அதற்கு முன் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

தொலைந்த குழலும் பின்னாளில் லண்டனில் ஒரு பழைய சாமான் கடையில் தென்பட்டு, குடும்பத்திடம் திரும்பி வந்தது. ஆனால் அது வந்தபோது அதன் பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டன. அது தொலையாமல் இருந்திருந்தால், அருமையான ஒரு பழைய குழலாக, ஒரேயொரு குழலாக அந்த வீட்டிலேயே இருந்திருக்கும். இழப்பு நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குக் கோபம். ஒரு பை தொலைந்த பிறகு ஒரு மனிதர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாக்கு எங்கே போனது?

குழலைச் செய்தாகிவிட்டது. அதை எப்படிப் பேசவைப்பது? அளவெடுத்துச் செய்ய முடியாத பகுதி இதுதான்.

ரெக்கோடருக்கு ஒரு குறை உண்டு. பலமாக ஊதினால் சத்தம் கூடுவதோடு சுருதியும் ஏறிவிடும். மெல்ல ஊதினால் சுருதி இறங்கிவிடும். வயலினில் வில்லை அழுத்துவதுபோல, பாட்டில் குரலை உயர்த்துவதுபோல, இதில் உணர்ச்சியைக் காட்ட முடியாது. அப்படியானால் எதனால் காட்டுவது? ஒரு சுரம் எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்ததற்கு முன் எவ்வளவு மௌனம் விடுகிறோம் என்பவற்றால்தான். ஒரு சுரத்துக்கு முன்னால் கடுகளவு இடைவெளி விட்டால், சத்தம் கூடாமலே அந்தச் சுரம் அழுத்தமாகக் கேட்கும். இரண்டு சுரங்களை ஒட்டவைத்தால் கெஞ்சுவதுபோல இருக்கும். வெட்டினால் துள்ளுவதுபோல இருக்கும். இத்தனையும் நாக்கு நுனியின் வேலை.

பழையவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1535இல் வெனிஸ் நகரில் சில்வெஸ்ட்ரோ கனாசி என்பவர் ரெக்கோடருக்கென்றே ஒரு பாடநூல் வெளியிட்டார். குழல்காரர் மனிதக் குரலைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நாக்கின் அசைவுகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். வன்மையானது 'தெகெ தெகெ', இடைப்பட்டது 'தெரெ தெரெ', மென்மையானது 'லெரெ லெரெ'. வல்லினம், மெல்லினம், இடையினம் படித்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பிரிப்பு அந்நியமானதல்ல. 1707இல் பாரிஸில் ஜாக் ஒத்தெர் எழுதிய பாடநூலில் 'து', 'ரு' என்ற இரண்டு அசைகள். 'ரு'வில் ஒருபோதும் தொடங்கக்கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னால் சுரங்கள் சோடி சோடியாகச் சேர்ந்து நடைபோடும். 1752இல் பெர்லினில் குவான்ஸ் எழுதிய புல்லாங்குழல் நூலும் இதே பாடத்தை விரிவாகச் சொல்கிறது.

டோல்மெட்ஷின் பெரிய பணி இங்கேதான் இருக்கிறது. 1915இல், போரின் நடுவே, 17ஆம் 18ஆம் நூற்றாண்டு இசையை எப்படி வாசிப்பது என்பது பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். குவான்ஸ் உட்படப் பழைய ஆசிரியர்களைத் தேடித் தேடிப் படித்து, அவர்கள் சொன்னதையெல்லாம் அதில் ஒழுங்குபடுத்தினார். தாளில் எழுதப்பட்ட சுரம் முழு இசை அல்ல, அது எழுதப்பட்ட காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயங்களை யாரும் எழுதி வைக்கவில்லை, அவற்றை அந்தக் காலத்தவரிடமே கேட்டறிய வேண்டும் என்பது அந்த நூலின் சாரம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் முதலில் காணாமல் போகும். எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாததால் அது தடயமில்லாமல் போய்விடும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது புரியும். ஊரை விட்டபோது உறுதியையும் நகையையும் எடுத்து வந்தோம். கிணற்றடியில் அம்மம்மா முணுமுணுத்த பாட்டை யாரும் பையில் வைக்கவில்லை.

பிள்ளைகளின் கையில்

டோல்மெட்ஷ் வீட்டில் பிள்ளைகள் பேசப் பழகும் வயதிலேயே கருவிகளோடும் பழகினார்கள். சிசில், நதாலி, றுடொல்ஃப், கார்ல் என்ற நால்வரும் சிறு வயதிலேயே அப்பாவோடு மேடையேறியவர்கள். அந்த வளர்ப்பு இதமானது மட்டுமல்ல, கண்டிப்பானதும்கூட. ஆனாலும் கருவியும் இசையும் ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்கு, வீட்டுக்குள்ளே, மொழியைப் போலவே போய்ச் சேர்ந்தன. வாட்டர்லூவில் பையைத் தவறவிட்ட கார்ல்தான் பின்னாளில் ரெக்கோடரில் உலகப் புகழ் பெற்றார். 1939இல் லண்டன் விக்மோர் மண்டபத்தில் தனிக் கச்சேரி செய்து, இது விளையாட்டுச் சாமான் அல்ல என்று காட்டினார்.

அந்த வீட்டுக்கு வெளியே குழல் வேறு வழிகளிலும் பரவியது. 1925 விழாவுக்கு வந்திருந்த பீற்றர் ஹார்லான் என்ற ஜேர்மன் கைவினைஞர் ஊருக்குத் திரும்பித் தானும் குழல் செய்யத் தொடங்கினார். விரல் போடுவதை எளிதாக்குகிறேன் என்று ஓட்டைகளை மாற்றினார். ஒரு சுரம் எளிதானது, வேறு சில சுரங்களின் சுருதி கெட்டது. இன்றும் எங்கள் வகுப்பில் இரண்டு வகைக் குழலும் கலந்து கிடந்து, ஒரே விரலுக்கு இரண்டு சத்தம் வந்து பிள்ளைகள் முழிப்பதுண்டு. இங்கிலாந்தில் எட்கார் ஹன்ட் என்ற ஆசிரியர் 1935இல் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியில் ரெக்கோடர் கற்பிக்கத் தொடங்கினார். பள்ளிகளுக்குள் அதைக் கொண்டுபோகவும் பாடுபட்டார். 1937இல் கார்லும் அவரும் வேறு சிலரும் சேர்ந்து ரெக்கோடர் வாசிப்போர் சங்கத்தை அமைத்தார்கள். அந்த ஆண்டு டோல்மெட்ஷுக்கு பிரித்தானிய அரசு ஓய்வூதியம் கொடுத்தது, அடுத்த ஆண்டு பிரான்ஸ் விருது கொடுத்தது. 1940 பெப்ரவரி 28ஆம் திகதி, 82 வயதில், ஹேசில்மியரில் அவர் காலமானார். அப்போது அடுத்த உலகப்போர் தொடங்கிவிட்டிருந்தது.

அந்தப் போர் அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. இசைக்கருவி செய்த பட்டறை, விமானங்களுக்கான பிளாஸ்ரிக் பாகங்கள் செய்யும் இடமாக மாறியது. ஹாப்சிகோட் கலைஞரும் இசையமைப்பாளருமான மூத்த மகன் றுடொல்ஃப் படையின் வாத்தியக் குழுவில் பணியாற்றினார். 1942 டிசம்பரில் அவர் பயணம் செய்த செராமிக் என்ற கப்பலை அத்லாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 650க்கும் மேற்பட்டோரில் ஒரேயொருவர் மட்டும் உயிர் தப்பினார். அவர் றுடொல்ஃப் அல்ல. மேபலுக்குப் புதைக்க ஒரு உடல் கிடைக்கவில்லை. அந்தத் தாயைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதவில்லை. இதை வாசிப்பவர்களில் பலருக்கு அது தேவைப்படாது.

போர் முடிந்தபோது பட்டறையில் பிளாஸ்ரிக் வேலை தெரிந்த கைகள் இருந்தன. கார்ல் அந்தப் பழக்கத்தைக் கொண்டு பேக்கலைட் என்ற பிளாஸ்ரிக்கில் மலிவான ரெக்கோடர்களைச் செய்வித்தார். போருக்குப் பழகிய கை பிள்ளைகளுக்கான குழலைச் செய்தது. மரக்குழல் வாங்க முடியாத வீடுகளுக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. எங்கள் பாடசாலையின் 17 வெள்ளைக் குழல்களும் அந்த வழியில் வந்த பேரப்பிள்ளைகள்தான்.

காற்று

குழல் வந்து சேர்ந்தது, நாக்கு வந்து சேரவில்லை. என் வகுப்பில் நான் கண்டது இதைத்தான். விரல் போடும் படம் பெட்டிக்குள் வரும். நாக்கைப் பற்றி ஒரு வரி இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில்.

டோல்மெட்ஷின் வழியை அறிந்த பிறகு நான் குழலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு வாரம் குழலே இல்லை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து, மூச்சை நிறுத்தாமல் விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் 'து து து' சொல்ல வேண்டும். கையில் காற்று அறுந்து அறுந்து படக்கூடாது. குழாயைத் திறந்துவிட்டு விரலால் தட்டுவதுபோல, நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், விரல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நாக்குக்குப் பதில் நெஞ்சால் தட்டுவார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு இருமல். அதைத் திருத்தத்தான் இந்த இரண்டு வாரம்.

நாக்கு எங்கே தொடவேண்டும்? 'ட' என்றால் நாக்கு மேலே மடிந்துவிடும், சுரம் தடித்து வரும். 'த' என்றால் பல்லில் தொடும், மென்மையாக வரும். சரியான இடம் இரண்டுக்கும் நடுவே, மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள முரசு. அதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் விடை எங்கள் வாயிலேயே இருப்பதைக் கண்டேன். பத்து, பட்டு, பற்று என்று மூன்றையும் நாங்கள் மூன்று விதமாகச் சொல்கிறவர்கள். நேற்று, காற்று என்று எங்கள் ஊர் வழக்கில் சொல்லும்போது நாக்கு நுனி போய்த் தொடுகிற அதே இடம்தான் குழலுக்கும் வேண்டும். இப்போது நான் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் சொல்வதில்லை. காற்று என்று சொல்லு, நடுவில் நாக்கு நிற்கிற இடத்தைப் பிடித்துக்கொள் என்கிறேன். ஒத்தெரின் 'ரு'வும் எங்கள் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை. நாக்கு நுனியால் தட்டும் 'ர' எங்களுக்குத் தாய்ப்பால். அளவெட்டிப் பக்கத்து நாதஸ்வரக்காரர்களின் துத்துக்காரத்தைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இந்த வித்தை எங்களுக்குப் புதிதல்ல. பிளாஸ்ரிக் குழலில் அதைத் தேடாமல் விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் குழலை எடுப்போம். ஒரே ஒரு சுரம். அதில் ஒவ்வொருவரும் தன் பெயரை ஊத வேண்டும். நெடில் நீளமாக, குறில் சுருக்கமாக, வல்லினம் இறுக்கமாக, மெல்லினம் குழைவாக. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு யார் பெயர் என்று சொல்ல வேண்டும். பிறகு அதே சுரத்தில் ஒரு கேள்வி, ஒரு பதில். சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கும் சாப்பிட்டாச்சு என்று சொல்வதற்கும் கடைசி அசையில் உள்ள வித்தியாசத்தை நாக்கு காட்டியாக வேண்டும். பிறகு தாலாட்டு 'லு'வில், அணிநடை 'து'வில். உணர்ச்சியோடு வாசி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. அம்மாவை எழுப்புவதுபோல ஊது, தூங்கும் தம்பியை எழுப்பாமல் ஊது என்றால் உடனே விளங்கும்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பிள்ளை இருக்கிறாள். அம்மம்மாவோடு இருக்கிறாள். பெயர் ஊதும் முறை அவளுக்கு வந்தபோது மூன்று அசை ஊதினாள். யாருக்கும் பிடிபடவில்லை, அது அவள் பெயர் அல்ல. திரும்ப ஊதச் சொன்னேன். இரண்டாவது தடவை பக்கத்திலிருந்த தோழி கண்டுபிடித்தாள். அது அவளுடைய அம்மாவின் பெயர். முதலசை நீளமாகவும் கடைசி அசை மிகக் குழைவாகவும் இருந்தது. நான் எதுவும் திருத்தவில்லை.

சென்ற தவணையில் வாட்டர்லூ கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பை மேடையில் நின்றுவிட்டது என்றதும் வகுப்பு அமைதியானது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, அப்பா அவனை அடித்தாரா என்பதுதான். அப்பா புதிதாக ஒன்று செய்தார், அந்தப் பையனே பிறகு அதை உலகமெல்லாம் கொண்டுபோய் வாசித்தான் என்றேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

எனக்கும் அன்று ஏதோ போதுமாக இருந்தது. அப்பாவுக்கு இப்போது 74 வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம் போய் ஒரு மூங்கில் புல்லாங்குழல் வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் அவருடைய மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் விடிய, நான் குசினியில் நிற்கும்போது, முன் விறாந்தையிலிருந்து ஒரு சுரம் கேட்டது. மூச்சு நடுங்கியது. நாக்கு நடுங்கவில்லை.